மரம் வெட்டிய பாட்டி: மாணவர் செய்தியறிக்கை ஒன்றின் மொழி



இன்றைய உரைக்கு மன்றத்தார் எனக்கு முதலில் தந்த தலைப்பு 'ஊடகத் தமிழ்'. அது பெரிய கடல். அதிலிருந்து பதினான்கு நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொள்ள இசைவு கேட்டேன், தந்தார்கள். இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் ஐந்தாம் படிவ மாணவர்கள் தாமே எழுதி, தாமே படம்பிடித்து, தாமே வாசித்த தொலைக்காட்சிச் செய்தியறிக்கை ஒன்றின் நீளம் அது. பள்ளியின் பெயரையும் மாணவர்களின் பெயர்களையும் சொல்லப் போவதில்லை. அவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். திறனாய்வு செய்யுங்கள் என்று என்னை அழைத்தவர்களும் அவர்களே. ஆகவே முகமன் கூறி முடித்துவிட மாட்டேன்.

முதலில் நல்லவை. வாசித்த மாணவி லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஓரிடத்திலும் தவறவிடவில்லை. ஒற்று மிகும் இடங்களில் ஒலியை அழுத்தி, மிகா இடங்களில் நெகிழ்த்திப் படித்தார். நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28-ஆம் நாள். அன்று தொட்டு இன்றுவரை தமிழ்ச் செய்தி வாசித்தோருள் பலரிடம் இந்தத் தூய்மையைக் கேட்க முடியாது. 'அமைச்சு', 'கூட்டரசுப் பிரதேசம்', 'காற்பந்து', 'பூப்பந்து', 'இடைநிலைப்பள்ளி' என்று நம் வானொலியும் நாளிதழ்களும் பல்லாண்டுகளாகப் புழங்கி நிலைபெறச் செய்த சொற்களை மாணவர்கள் தயக்கமின்றி ஆண்டிருந்தார்கள். தமிழ்நாட்டார் 'அமைச்சகம்' என்பார்கள், 'இறகுப்பந்து' என்பார்கள். நமக்கு நம் சொல் இருக்கிறது, அது நன்றாகவும் இருக்கிறது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனபோது ஒரு நாளிதழ் நின்றதாக மட்டுமே பலர் வருந்தினார்கள். இத்தகைய சொற்களை நாள்தோறும் அச்சில் ஏற்றி நம் கண்ணுக்குப் பழக்கிய பட்டறைகளுள் ஒன்றும் அன்று மூடப்பட்டது.

இனிக் குறைகள். சிறியவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன்.

ஏழு செய்திகளில் ஐந்து, 'இதனிடையே' என்று தொடங்கின. எதனிடையே? முதற்செய்தி பள்ளிப் போட்டி விளையாட்டு. இரண்டாவது ஆற்று வெள்ளம். இரண்டுக்கும் இடையே ஒன்றுமில்லை. மலாய்ச் செய்தியில் 'செமெந்தாரா இத்து' என்று வருவதைப் பெயர்த்துப் பெயர்த்து, அது நம் செய்தியாளர்களுக்கு ஒரு செருமல்போல் ஆகிவிட்டது. அடுத்தது 'வெள்ளம் ஏற்படும் என எதிர்பார்க்கப்படுகிறது'. மலாயில் 'டிஜாங்கா' நன்மைக்கும் தீமைக்கும் பொது. தமிழில் எதிர்பார்ப்பது என்றால் வாசலில் நின்று வழி பார்ப்பது. விருந்தினரை எதிர்பார்ப்போம், தேர்வு முடிவை எதிர்பார்ப்போம், வெள்ளத்தை எதிர்பார்க்க மாட்டோம். 'வெள்ளம் வரக்கூடும்' என்றால் போதும்.

மூன்றாவது சற்றுப் பெரியது. ஆற்றோரக் குடும்பங்களுக்கான உதவி பற்றிய செய்தியில் ஒரே வாக்கியம் ஏறத்தாழ அரை நிமிடம் ஓடியது. அனைவருக்கும் உதவித்தொகை கிடைத்துவிடும் என்றும், எவரும் விடுபட மாட்டார்கள் என்றும், மாத இறுதிக்குள் எல்லாம் நிறைவேறும் என்றும் அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 'பொறுப்பாளர் ஒருவர் தெரிவித்தார்' என்று முடிந்தது. ஆங்கிலத்திலும் மலாயிலும் சொன்னவரை முன்னால் நிறுத்துவது எளிது. தமிழில் வினை இறுதியில் நிற்பதால், சொன்னவரும் பல வேளைகளில் இறுதிக்குப் போய்விடுகிறார். அச்சில் இது பெரிய தீங்கன்று. கண் ஒரு நொடியில் கீழிறங்கிப் பார்த்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. அரை நிமிடம்வரை கேட்பவர் அதைச் செய்தியறிக்கையின் சொந்த உறுதிமொழியாகவே கொள்கிறார். இடையில் சமையற்கட்டுக்கு எழுந்து போனவர் கடைசிவரை அப்படியே கொள்வார். அது நடந்து முடிந்த உண்மையன்று, ஒருவர் தந்த வாக்கு என்பதே அவருக்குத் தெரியாது. 'பொறுப்பாளர் ஒருவர் சொன்னது இது' என்று முதலில் நிறுத்திவிட்டு, பிறகு சிறு சிறு வாக்கியங்களாகச் சொல்லத் தமிழ் இலக்கணத்தில் எந்தத் தடையும் இல்லை.

ஊர்ப்பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'புக்கிட்' என்று நாம் இரண்டு ககரம் இட்டு எழுதுவதற்குக் காரணம், ஒற்றைக் ககரம் உயிருக்கு நடுவே நின்றால் தமிழ் நாவில் நெகிழ்ந்துவிடும் என்பது. முதலெழுத்தின் ஒலிப்பைக் குறிக்க நம்மிடம் தனி எழுத்தில்லை. அதை வாய்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அம்மாணவி நாள்தோறும் பேருந்தில் 'புக்கிட் ரோத்தான்' என்று சரியாகச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குபவர். காகிதத்தைக் கையில் எடுத்தவுடன், 'புகழ்' என்பதில் வரும் பகரத்தை அதற்குக் கொடுத்துவிட்டார். நாக்கு அறிந்திருந்ததை எழுத்து மறக்கடித்தது.

இதைவிட எனக்கு வலித்தது ஒரு தோட்டத்தின் பெயர். பெஸ்தாரி ஜெயாவை, அதாவது 2007-க்கு முன்பு எல்லாரும் பத்தாங் பெர்ஜுந்தை என்றழைத்த ஊரை அடுத்த தென்னமரம் தோட்டம். இந்நாட்டில் செம்பனை முதன்முதலாக வணிக முறையில் நடப்பட்ட மண் அது, ஆண்டு 1917. நட்டவர் ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய புதினத்துக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. மாணவர்கள் இவ்வளவு செய்தியையும் தேடி எடுத்திருந்தார்கள், பாராட்டுகிறேன். ஆனால் பெயரை ஆங்கில எழுத்திலிருந்து எடுத்து 'டென்னாமாராம்' என்று வாசித்தார்கள். கேட்டவுடனே தென்னை மரம் காதில் விழ வேண்டிய பெயர் அது. தன் வீட்டுச் சொல்லை அயலான் எழுத்துக்கூட்டியபடி திரும்பப் படிப்பது போன்றது இது.

இப்போது நான் உண்மையில் பேச வந்த செய்திக்கு வருகிறேன். அறிக்கையின் ஆறாவது செய்தி அது. ஒன்றரை நிமிடம் ஓடியது. ரப்பர் தோட்டமாக இருந்து செம்பனையாக மாறிய ஓர் இடத்தைப் பற்றியது. முன்பு அங்கே வேலை செய்து இப்போது பட்டணத்து அடுக்குமாடியில் மகனோடு வசிக்கும் ஒரு பாட்டியைப் பழைய இடத்துக்கு அழைத்துச் சென்று மாணவர்கள் படம்பிடித்திருக்கிறார்கள். நல்ல எண்ணம். திரையில் பாட்டி பேசுகிறார்; அவர் குரல் இரண்டு நொடி கேட்டபின் அமிழ்ந்துவிடுகிறது. அதன்மேல் செய்தி வாசிப்பவரின் குரல் எழுகிறது. அது சொன்னது:

'நாற்பது ஆண்டுகளாக இவ்வனப்பகுதியில் மரங்களை வெட்டும் பணியில் தாம் ஈடுபட்டு வந்ததாக அவர் குறிப்பிட்டார். பின்னர் ரப்பர் மரங்கள் அகற்றப்பட்டுச் செம்பனை நடவு மேற்கொள்ளப்பட்டது. தொழிலாளர்கள் இடமாற்றம் செய்யப்பட்டனர்.'

எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை. தேர்வுத்தாளாக வந்திருந்தால் நானே முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

மாணவர்களிடம் வெட்டப்படாத மூலப்பதிவைக் கேட்டு வாங்கினேன். பாட்டி சொன்னதை அப்படியே எழுதிவந்திருக்கிறேன்: 'நாப்பது வருசமா இந்தக் காட்டுலதான்யா மரம் வெட்டுனேன். இருட்டோட பெரட்டுக்குப் போயி, பேரு குடுத்து, நிரைக்கு வந்து வெட்டி முடிச்சு, அப்புறம் பால் எடுத்து, ஸ்டோருல நிறுத்துக் குடுத்துட்டு வர மத்தியானம் ஆயிடும். மரத்தச் சாச்சாங்க பாரு, அன்னைக்கே எங்களுக்கு வேல போச்சு.'

இதைத் தோட்டத்தில் வளர்ந்தவர் எவர் கேட்டாலும் ஐயமின்றிப் புரிந்துகொள்வார். மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தின் பட்டையில் மெல்லிய கீற்றாகச் சீவிப் பால் வடியச் செய்வது. வெயில் ஏறுமுன், மரத்தில் பாலழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில் செய்ய வேண்டிய வேலை. கீற்று ஆழமானால் மரம் புண்படும். மேலோட்டமானால் பால் வராது. வெட்டிவிட்டு மங்கை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். ஒருவருக்குப் பிரித்துக் கொடுத்த மரவரிசை நிரை. விடியுமுன் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம் பெரட்டு. காடு என்பது வனமன்று. மரம் நட்ட வேலைக்களம்.

'காடு' என்ற சொல்லாட்சியைத் தோட்டத்துக் கொச்சை என்று எவரேனும் எண்ணினால், கொங்கு நாட்டுப் பக்கம் சென்று கேட்கட்டும். புன்செய் நிலத்தில் வேலை செய்யப் போகிறவர் அங்கே இன்றும் 'காட்டுக்குப் போகிறேன்' என்றுதான் சொல்கிறார். நம் முன்னோர் கப்பலேறியபோது தம்மோடு கொண்டுவந்த சொற்பொருள்களில் அதுவும் ஒன்று. 'வெட்டு' என்பதும் அவ்வாறே. கிணறு வெட்டுகிறோம், கிணற்றை வீழ்த்துவதில்லை. கல்வெட்டு என்றால் கல்லைத் துண்டாக்குவது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. ஒரு பரப்பின்மேல் கூரிய கருவியால் கீறிச் செல்லும் வினைக்கு அச்சொல் பழையதும் பொருத்தமானதுமாகும்.

பாட்டி குழப்பவில்லை என்பதற்குச் சான்று அவர் பேச்சிலேயே இருக்கிறது. மரத்தைத் தரையில் தள்ளியதைச் சொல்லும்போது அவர் 'வெட்டினார்கள்' என்று சொல்லவில்லை, 'சாய்த்தார்கள்' என்றார். அவர் மொழியில் வெட்டுதல் வேறு, சாய்த்தல் வேறு. இரண்டு சொற்களும் ஒரே மூச்சில், ஒன்றையொன்று விளக்கிக்கொண்டு நிற்கின்றன. நேரம் போதாது என்று மாணவர்கள் நீக்கியது அந்த இரண்டாம் பாதியைத்தான்.

இப்போது செய்தியறிக்கையின் வாக்கியங்களைத் திரும்பப் பாருங்கள். மூன்று வாக்கியங்களில் செய்தவர் வெளிப்படையாகத் தெரியும் வினை ஒன்றே ஒன்று. அது பாட்டியின் தலையில் விழுந்திருக்கிறது. மரங்கள் 'அகற்றப்பட்டன', அகற்றியவர் இல்லை. நடவு 'மேற்கொள்ளப்பட்டது', மேற்கொண்டவர் இல்லை. தொழிலாளர்கள் 'இடமாற்றம் செய்யப்பட்டனர்'; செய்தவர் இல்லை. மொத்தச் செய்தியிலும் பெயரும் முகமும் கொண்டு எதையோ செய்தவராகத் தெரிபவர், வனத்துக்குள் புகுந்து நாற்பதாண்டு மரம் வெட்டிய ஒரு மூதாட்டி. மரங்களைச் சாய்த்தவர்கள் வேறு யாரோ. சாய்த்ததால் வேலையிழந்தவர் இவர். செய்தி அதைத் தலைகீழாக்கிவிட்டது.

இது வெறும் சொல் விளையாட்டன்று. இதே வட்டாரத்தில் ராஜா மூசா காப்புக்காடு இருக்கிறது. வட சிலாங்கூரின் சதுப்புநிலக் காட்டில் ஒரு பகுதி அது. அங்கே அத்துமீறி மரம் வெட்டுவதும் நிலத்தைத் திருத்துவதும் குற்றம். அப்படிப்பட்ட அத்துமீறல்கள் செய்தியாக வந்ததும் உண்டு. கோலாலம்பூரில் இருந்துகொண்டு அறிக்கையைக் கேட்கும் ஒருவர் பாட்டியைப் பற்றி என்ன நினைப்பார்? மற்றொன்றும் உண்டு. தோட்டம் கைமாறும்போதும் துண்டாடப்படும்போதும் வீடு யாருக்கு, இழப்பீடு யாருக்கு என்ற வழக்குகள் எழுகின்றன. அங்கே ஒரு குடும்பத்திடம் இருக்கும் முதல் சான்று, இவர் இங்கே எத்தனை ஆண்டு என்ன வேலை செய்தார் என்பதே. அந்தச் சான்றைப் பாட்டி தம் வாயாலேயே மிகச் செம்மையாகச் சொன்னார். நாம் அதைச் 'செம்மைப்படுத்தி' அழித்தோம்.

செயப்பாட்டு வினையைப் பற்றி மாணவர்கள் என்னிடம் வாதிட்டார்கள். அது இருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். இருக்கலாம். செயப்படுபொருளையே செய்ததுபோல் வைத்துச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியர் வினையியலிலேயே குறித்திருக்கிறார். செய்தவர் இன்னாரென்று தெரியாதபோதும், தெரிந்தும் தேவையற்றபோதும் அதற்கு இடமுண்டு. ஆனால் மலாயில் 'டி' என்ற முன்னொட்டு இயல்பாக வந்து விழும் இடமெல்லாம் தமிழில் 'படு' போட வேண்டியதில்லை. விபத்தில் அடிபட்டவரை 'மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்' என்றால் தமிழனுக்கு விளங்கிவிடுகிறது. நம் வினைமுற்றின் விகுதியே செய்தவரின் இடத்தை நிரப்பிவிடும். பாட்டியின் 'சாச்சாங்க' அப்படிப்பட்டதுதான். யாரென்று சொல்லவில்லை, ஆனால் யாரோ சிலர் செய்தார்கள் என்பதை அது மறைக்கவில்லை. கேட்பவர் உடனே 'யார்?' என்று கேட்க அதில் இடமிருக்கிறது. 'அகற்றப்பட்டன' என்பது அந்தக் கேள்வியையே எழவிடாது. செய்தி சேகரிக்கப் போன மாணவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாட்டி சொல்லியிருப்பார், ஆண்டும் சொல்லியிருப்பார்.

இந்தக் குறையை மாணவர்கள்மேல் ஏற்றிவிட்டு நான் அமர்ந்துவிட முடியாது. மூலப்பதிவைப் பார்த்த அன்று, இந்தப் பணிக்கு வழிகாட்டிய ஆசிரியையிடம், 'தோட்டத்துப் பிள்ளையாகிய உங்களுக்குமா மரம் வெட்டுவது தெரியாமல் போயிற்று?' என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் பல்கலைக்கழகத்தில் என் மாணவி. சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: 'தெரியும் ஐயா. பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்தபோது எனக்கே உறுத்தியது. ஆனால் முதலாண்டில் என் கட்டுரையில் "அம்மா மரம் வெட்டுகிறார்" என்று எழுதியிருந்தேன். நீங்கள்தான் சிவப்பு மையால் அடித்து, "ரப்பர்ப் பால் சேகரிக்கிறார்" என்று திருத்தினீர்கள். வட்டார வழக்கு, தவிர்க்க என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள்.'

எனக்கு நினைவில்லை. ஆனால் எழுதியிருப்பேன், அது என் கையெழுத்தாகத்தான் இருக்கும். அச்சொல் எனக்குத் தெரியாததன்று. நானும் லயத்தில் பிறந்தவன். என் தாயாரும் மரம் வெட்டியவர். முனைவர் பட்டம் பெற்று வந்த புதிதில், அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்ததே அதை அடிக்க எனக்குக் காரணமாயிற்று என்று இப்போது தோன்றுகிறது. அதிலும் என் திருத்தம் தவறான திருத்தம். வெட்டுவது ஒரு வேலை, பால் எடுப்பது வேறொரு வேலை. இடையில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாட்டி இரண்டையும் பிரித்துச் சொன்னார். நான் இரண்டையும் ஒன்றாக்கி ஒரு மாணவிக்குக் கற்பித்தேன். அவர் தம் மாணவர்களைத் திருத்தாமல் விட்டார்.

இலக்கிய வழக்கு, பேச்சு வழக்கு என்ற இரட்டை வழக்கைப் பற்றி ஃபெர்குசன் 1959-இல் எழுதிய கட்டுரையை ஆண்டுதோறும் நான் பாடமாக நடத்தியவன். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற அந்தப் பெயரீட்டை வகுப்பில் கரும்பலகையில் வரைவேன். உயர் வழக்கில் ஓர் இடமுண்டு, தாழ் வழக்கில் ஓர் இடமுண்டு என்று விளக்குவேன். இடம் மாறிப் பேசினால் நகைப்புக்கு இடமாகும் என்பேன். செய்தி வாசிப்பவர் இலக்கிய வழக்கில் வாசிக்க வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பாட்டியின் பேச்சை அவர் குரலிலேயே முழுதாக விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். விளங்காத சொல் இருந்தால், திரையின் அடியில் பொருள் எழுதுங்கள். 'நிரை: ஒருவருக்குப் பிரித்த மரவரிசை' என்று. சொல்லை மாற்றாதீர்கள். அவ்வாறு பொருள் எழுத வேண்டுமானால், எழுதுகிறவர் முதலில் பாட்டியிடமே கேட்டாக வேண்டும்.

அறிக்கையின் மிகச் சிறந்த தமிழ், யாரும் எழுதிக் கொடுக்காத தமிழ் என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்று வெள்ளச் செய்திக்காக ஒரு மாணவர் சிலாங்கூர் ஆற்றின் படித்துறை ஒன்றில் நிற்கிறார். கம்போங் குவாந்தானின் மின்மினிகளைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் படகேறும் அதே ஆறு. கையில் எழுதிவைத்த தாள். அதில் 'நீர்மட்ட உயர்வு கண்காணிக்கப்பட்டு வருகிறது' என்று இருந்ததாம். மழை பிடித்துக்கொண்டது, தாள் நனைந்துவிட்டது. அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: 'தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. நேற்று மாலை நான் வந்தபோது இந்த இரண்டு படியும் வெளியே தெரிந்தன. இப்போது தெரியவில்லை.' எத்தனை படி, எப்போது, யார் பார்த்தது, எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பகுதியை நீக்கிவிடலாமா என்று தொகுக்கும்போது ஆலோசித்தார்களாம். நல்லவேளையாக வேறு படம் இல்லை.

மாணவர்கள் ஆறாவது செய்தியை மறுபடி தொகுத்திருக்கிறார்கள். பாட்டியின் பேச்சு இப்போது முழுதாக இருக்கிறது, முப்பத்தைந்து நொடி. அதற்கு இடம் தர விளையாட்டுச் செய்தியைச் சுருக்கியிருக்கிறார்கள். மரத்தைச் சாய்த்தது யார், எந்த ஆண்டு, அப்போது எத்தனை குடும்பங்கள் இருந்தன என்று அவரிடம் திரும்பப் போய்க் கேட்டு, அந்தப் பதில்களையும் சேர்த்திருக்கிறார்கள். புதிய பதிவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டியபோது பாட்டி இரண்டு முறை பார்த்துவிட்டு, 'எல்லாம் சரிதான்யா, என் நிரை எங்க இருந்துச்சுன்னு காட்டலியே' என்றாராம். அந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. எந்த இடம் என்று அவர் நின்று காட்ட வரும் சனிக்கிழமை போகிறார்கள்.

இரண்டு பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இப்போது திரையில் போடச் சொல்கிறேன். முதலில் பழையது. விளக்குகளை அணைத்துவிடுங்கள், கேள்விகளைப் பார்த்தபின் கேளுங்கள்.